வலது கண்ணை மூடவும்

மாட்டுங்காவில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். எண்பதுகளின் நடுப்பகுதி அது. தாராவியிலிருந்து தினமும் நடந்தே போய்விடுவேன். டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் சீட்டைப் பார்த்து ஆர்டர் புத்தகத்தில் ஏற்றுவதுதான் என் வேலை. கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். ஆனால் கழித்தல் குறி இருக்க வேண்டிய இடத்தில் கூட்டல் குறியைப் போட்டுவிட்டால் ஒரு ஜோடி லென்ஸ் குப்பைக்குப் போகும். அப்புறம் கடை முதலாளி குஜராத்தி சேட்டின் வாயைத் தாங்க முடியாது. வேலைக்குச் சேர்ந்த ஆறே மாதத்தில் எந்த டாக்டரின் கோழிக் கிறுக்கலையும் என்னால் படிக்க முடிந்தது.

கழித்தல் என்றால் தூரத்துப் பார்வை குறைவு. கூட்டல் என்றால் கிட்டத்தில் பார்க்கக் கஷ்டம். மேல் வரி வலது கண், கீழ் வரி இடது கண். இவ்வளவுதான் சங்கதி. ஆனால் சீட்டோடு வருகிற ஜனங்கள் செய்கிற அமர்க்களம் கொஞ்சநஞ்சமல்ல. பம்பாயில் பவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், நம்பர் என்றுதான் சொல்வார்கள். மாட்டுங்கா மாமா ஒருவர் இரண்டு கண்ணின் நம்பரையும் கூட்டிப் பார்த்துவிட்டு, “போன வருஷம் மொத்தம் நாலுன்னா இருந்தது, இப்ப அஞ்சரை ஆயிடுத்தே!” என்று கடை வாசலில் நின்று புலம்பினார். சுனாபட்டியிலிருந்து வந்த ஒரு அம்மாள், கல்யாணம் நிச்சயமான மகளின் சீட்டில் நூற்றெண்பது என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அது லென்ஸை எந்தச் சாய்வில் வைக்க வேண்டும் என்று காட்டும் எண், நம்பரே இல்லை என்று நான் இரண்டு தடவை சொன்ன பிறகுதான் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். இவர்களையெல்லாம் பார்த்து எனக்கு உள்ளுக்குள் ஒரே சிரிப்பு. சீட்டில் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்ற திமிர் இருபது வயதில் எனக்கு நிறையவே இருந்தது.

என் இடது கண் மட்டும் சரியில்லை. வலது கண்ணை மூடிக்கொண்டால் எதிரே ஆள் நிற்பது தெரியும், ஆணா பெண்ணா என்று தெரியாது. அது எனக்குப் பெரிய குறையாகத் தோன்றியதே இல்லை. நல்ல கண் ஒன்று இருக்கும்போது மற்றதை யார் நினைக்கிறார்கள்? ஒருநாள் சேட் வேடிக்கையாக என்னை எழுத்துப் பலகைக்கு முன்னால் உட்காரவைத்தார். இடது கண்ணால் மேல் வரியில் இருக்கும் பெரிய எழுத்தையே சொல்ல முடியவில்லை. எப்போதிருந்து இப்படி என்று கேட்டார். பிறவியிலேயே என்றேன். அப்படித்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஒரு தங்கை. எனக்குப் பிறகு பதினாலு வருடம் கழித்துப் பிறந்தவள். அப்போது அவளுக்கு ஆறு வயது. பள்ளிக்கூடம் லீவு விட்ட ஒருநாள் அவளைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கூட்டமில்லாத நேரம். அவளை ஸ்டூலில் உட்காரவைத்து, ஒரு கண்ணை மூடிப் படிக்கும் விளையாட்டை ஆரம்பித்தேன். இடது கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்தாள். கண்ணை மாற்றி மூடச் சொன்னேன். பலகைப் பக்கம் தலையை நீட்டிப் பார்த்தாள். பிறகு, “அக்கா, எழுத்தையெல்லாம் அழிச்சிட்டியா?” என்று கேட்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளுக்கும் என்னைப் போலவே என்று அந்த நொடியே தெரிந்துவிட்டது. எனக்கு வந்தபோது நான் பயப்படவில்லை, குழந்தைக்கு என்ன தெரியும்? அவளுக்கு வந்ததைப் பார்க்கத்தான் பொறுக்கவில்லை. மறுநாளே சேட்டிடம் அரை நாள் லீவு கேட்டு, அவளை முனிசிபல் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

கண் டாக்டர் ஒரு மராத்திக்கார அம்மாள். மருந்து விட்டு, வெகுநேரம் உட்காரவைத்து, ஒவ்வொரு லென்ஸாக மாற்றிப் பார்த்து, சீட்டு எழுதிக் கொடுத்தார். வலது கண்ணுக்குக் கூட்டல் ஒன்று. இடது கண்ணுக்குக் கூட்டல் ஐந்தரை. அதுவரைக்கும் எனக்குப் புரிந்தது. அதற்குக் கீழே, தினமும் ஆறு மணி நேரம் வலது கண்ணை மூடவும் என்று இங்கிலீஷில் ஒரு வரி இருந்தது.

நான்தான் சீட்டுப் படிப்பதில் கெட்டிக்காரி ஆயிற்றே! “மேடம், மாற்றி எழுதிவிட்டீர்கள். கெட்ட கண் இடது” என்று இந்தியில் சொன்னேன்.

அவர் சிரித்தார். இப்படிச் சொல்லாதவர்களே இல்லையாம். பிறகு பொறுமையாக விளக்கினார். இந்தக் குழந்தையின் இடது கண்ணில் புண்ணோ நோயோ கிடையாது. ஆனால் அது காட்டுவது மங்கலாக இருப்பதால் மூளை அதைக் கேட்பதை நிறுத்திவிட்டது. எல்லா வேலையையும் நல்ல கண்ணிடமே கொடுக்கிறது. கண்ணாடியைப் போட்டு, நல்ல கண்ணை மூடிவிட்டால் மூளைக்கு வேறு வழியில்லை, சோம்பிக் கிடக்கிற கண்ணை எழுப்பித்தான் ஆக வேண்டும். “ஆனால் இதைச் சின்ன வயதிலேயே செய்ய வேண்டும். ஏழெட்டு வயதைத் தாண்டினால் அந்தக் கண் பிறகு எழுந்திருக்காது” என்றார்.

சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். வரும் வழியில்தான் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. ஆறு வயதில் எனக்கும் ஒரு கண்ணைக் கட்டியிருந்தார்கள். அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து அம்மா கட்டிவிடுவாள். ஒரு வருடத்துக்கு மேல் அந்தக் கட்டோடுதான் திரிந்தேன். எந்தக் கண் அது என்று யோசித்தேன். அந்த வருடம் நான் ஒருநாளும் தடுக்கி விழுந்ததில்லை. பஸ் கிட்டே வரும் முன்பே அதன் எண்ணைச் சொல்லி அப்பாவிடம் சபாஷ் வாங்கியிருக்கிறேன். சோற்றில் கிடக்கும் கல்லை நான்தான் முதலில் கண்டுபிடிப்பேன். வலது கண்ணைக் கட்டியிருந்தால் இதெல்லாம் எப்படி முடிந்திருக்கும்? ஆஸ்பத்திரி வாசலிலிருந்து வீடு வரைக்கும் இதே கேள்வி. தங்கை ஐஸ் கேட்டு நச்சரித்தது காதில் ஏறவே இல்லை.

அம்மா வீட்டு வாசலில் உட்கார்ந்து தாகா வெட்டிக்கொண்டிருந்தாள். எக்ஸ்போர்ட் கம்பெனிச் சட்டைகளில் தொங்கும் நூலைக் கத்தரித்து எடுக்கும் வேலைக்குத் தாராவியில் அதுதான் பெயர். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். நல்ல கண்ணைக் கட்ட வேண்டும் என்றதும் அம்மா கத்தரியைக் கீழே வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

“ஏட்டி, இந்த டாக்டருமாரெல்லாம் ஒரே பள்ளிக்கூடத்துல படிச்சவங்களா? ஒனக்குப் பாத்தாம்லா ஒருத்தன், அவனும் இப்படித்தான் சொன்னான். வலது கண்ணக் கட்டுன்னான். நல்லா இருக்கிற கண்ணப் போயி எவளாவது கட்டுவாளா? கால்ல அடிபட்டா அடிபட்ட காலுக்குத்தான கட்டுப் போடுவோம்? கூட்டத்துல மாத்திச் சொல்லிட்டான்னு நானே புரிஞ்சிக்கிட்டு இடது கண்ணக் கட்டினேன். ஒரு நாளு விடாம கட்டினேம்லா!”

இந்தக் கதையை நான் முன்பும் கேட்டிருக்கிறேன், எந்தக் கண் என்று காதில் வாங்கிக்கொண்டதே இல்லை. அண்டை வீட்டுப் பெண்களிடம் அம்மா அடிக்கடி சொல்லிப் பெருமைப்படும் கதை இது. படித்த டாக்டர் செய்த தப்பைப் படிக்காத இவள் கண்டுபிடித்துத் திருத்திவிட்டாள் என்று அவர்களும் மெச்சுவார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அன்றைக்கு என்னால் சிரிக்க முடியவில்லை. அப்படியே படியில் உட்கார்ந்தேன். பிறவியிலேயே வந்தது என்று நினைத்திருந்தேனே, அது பிறவிக் குறை மட்டுமில்லை. எழுந்திருக்கக் கூடிய கண்ணை ஒரு வருடம் இருட்டில் போட்டு மூடிவைத்திருக்கிறார்கள். செய்தவள் என்னைப் பெற்றவள். அதுவும் ஒரு நாள் விடாமல்.

சொல்லிவிட வாயெடுத்தேன். அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்து, அதை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது, என் கண் திரும்பி வரவா போகிறது என்று விழுங்கிக்கொண்டேன். “இப்பம் எல்லாம் மாறிடுச்சும்மா. இவளுக்கு டாக்டர் சொன்ன மாதிரியே கட்டுவோம்” என்று மட்டும் சொன்னேன். சரி என்றாள். பெரிய மனதோடு மன்னித்துவிட்டதாக எனக்குள் ஒரு நினைப்பு வேறு.

தங்கைக்கு எங்கள் கடையிலேயே கண்ணாடி செய்தோம். தினமும் காலையில் வேலைக்குப் புறப்படும் முன் அவளது வலது கண்ணின் மேல் பஞ்சை வைத்து, பிளாஸ்திரி ஒட்டி, மேலே கண்ணாடியை மாட்டிவிடுவேன். அவளுக்கு அதிகாலைப் பள்ளிக்கூடம், நான் புறப்படும் முன்பே முடிந்து வந்துவிடுவாள், மீதி நேரம் அம்மாவோடுதான் இருப்பாள். சாயங்காலம் நான் வரும்போது பஞ்சு அதே வலது கண்ணில் இருக்கும். நானே பிரித்துவிடுவேன். ஒரு மாதம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். முன்னேற்றம் இல்லை. இன்னொரு மாதம் போனது. அப்போதும் இல்லை. மூன்றாவது மாதம் அந்த டாக்டரம்மாள் பேனாவை மூடிவைத்துவிட்டு, “நிஜமாகவே கட்டுகிறீர்களா?” என்று என்னிடம் கேட்டார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தினமும் என் கையாலேயே ஒட்டுகிறேன் என்றேன். “இவளுக்கு அடுத்த வருடம் ஏழு முடிந்துவிடும். நம்மிடம் நேரமில்லை” என்றார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த வாரமே சேட்டின் உறவினர் யாரோ இறந்துபோக, மத்தியானத்திலேயே கடையை அடைத்துவிட்டார்கள். ஒரு மணி வெயிலில் வீட்டுக்கு நடந்தேன். சந்தில் திரும்பும்போதே தங்கை வாசலில் இருப்பது தெரிந்தது. அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து, மடியில் ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டு, காலர் ஓரத்தில் முடி கனத்துக்கு நீட்டிக்கொண்டிருந்த நூலைப் பிடித்து நறுக் நறுக்கென்று வெட்டிக்கொண்டிருந்தாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. நான் கிட்டே போய் நின்றேன். பஞ்சு இடது கண்ணில் இருந்தது.

முதலில் என் கண்ணையே நான் நம்பவில்லை. இடம் வலம் எனக்குத்தான் குழம்புகிறதோ என்று என் கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டேன். தங்கை என்னைப் பார்த்ததும் சட்டையைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

“யாரு மாத்தினது?” என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலிருந்தது.

அம்மா ஒளிக்கவில்லை. “நான்தான்ட்டி. பிள்ள படுத பாட்ட நீ பாத்தியா? நீ காலையில ஒட்டிட்டுப் போயிருத. அது கண்ணு தெரியாம சாக்கடைப் பலகையில தடுக்கி விழுந்து முட்டி பேந்திருச்சி. கத்தரியில விரல வெட்டிக்கிட்டு அழுவுது. நல்ல கண்ணு இருக்கையில இப்படிக் குருடு மாதிரி தடவிக்கிட்டு கெடக்கணுமா? அதான் நீ போனதும் மாத்தி ஒட்டுவேன், நீ வரதுக்கு முன்ன திருப்பி ஒட்டிருவேன். ஒனக்குச் செஞ்சதுதான அதுக்கும் செய்யுதேன்? நீ நல்லாத்தான இருக்க?”

மூன்று மாதம். தினமும் நான் கட்டியதை இவள் அவிழ்த்து, இவள் கட்டியதை அவிழ்த்து மறுபடியும் என்னுடையதுபோல் ஒட்டி வைத்திருக்கிறாள். குழந்தையும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் பக்கத்தில் குவிந்திருந்த சட்டைகளையெல்லாம் உதைத்துத் தள்ளினேன்.

“நான் நல்லா இருக்கேனா? வா, வந்து பாரு!” என்று கத்தினேன். என் வலது கண்ணை உள்ளங்கையால் இறுக்கி மூடிக்கொண்டு சுவரோடு போய் நின்றேன். “விரலக் காட்டு. எத்தனைன்னு சொல்லுதேன்.”

அம்மா விரலைக் காட்டினாள் போலிருக்கிறது. எனக்கு ஒரு நிழல் அசைவதுதான் தெரிந்தது. தெரியலை என்றேன். ஓர் அடி முன்னால் வந்தாள். தெரியலை. இன்னும் ஓர் அடி வந்தாள். தெரியலை. “வெளையாடாதட்டி” என்றாள். நான் கண்ணிலிருந்து கையை எடுக்கவில்லை. அவள் கை என் மூக்குக்கு ஒரு சாண் தூரத்துக்கு வந்த பிறகுதான் நாலு என்று சொன்னேன்.

“கொஞ்சம் மங்கலாத் தெரியும்னுதான நெனச்சேன்” என்றாள்.

“டாக்டர் அன்னைக்குச் சொன்னது சரிதான். நீ கட்டுன கண்ணுதான் போச்சு. கட்டினதாலதான் போச்சு. இவளுக்கும் அதையே செய்யுத!”

சொல்லி முடித்ததும் எனக்கே திக்கென்றது. பெற்றவளிடம் சொல்லக் கூடிய வார்த்தையா அது? அம்மா தூக்கிய கையைக் கீழே இறக்கவும் மறந்து நாலு விரலோடு அப்படியே நின்றாள். இன்றைக்கு யோசித்தால் அந்த மூன்று மாதத்துக்கு அம்மாவை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சட்டை போடாத வயதிலிருந்து என்னை வளர்த்தவளுக்கு மனம் நோகக் கூடாது என்று நான் விழுங்கிய விஷயம் அது. அன்றைக்கே காரணத்தைச் சொல்லியிருந்தால் அவள் ஏன் மாற்றிக் கட்டப்போகிறாள்? பெரிய மனதென்று நான் நினைத்தது தங்கையின் கண்ணில் மூன்று மாதத்தைத் தின்றுவிட்டது.

மறுநாள் காலையில் நான் எழுந்திருக்கும் முன்பே தங்கைக்கு வலது கண்ணில் பஞ்சு ஒட்டியாயிற்று. ஒட்டியது அம்மா. டாக்டர் சொன்ன ஆறு மணி நேரம் போதாது என்று பள்ளிக்கூடத்துக்கும் அப்படியே அனுப்பினாள், அதன் வாசல் வரை கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விட்டு வந்தாள். வீட்டில் தாகா வேலையை ஓரம்கட்டிவிட்டு, ஒரு தட்டில் துவரையையும் உளுந்தையும் கலந்து குழந்தை முன்னால் வைத்துப் பிரிக்கச் சொல்வாள். தங்கை முதலில் தடவித் தடவிப் பிரித்தாள். அழுதாள், தட்டைக் கவிழ்த்தாள். அம்மா ஒவ்வொரு பருப்பாகப் பொறுக்கித் திரும்பவும் அவள் முன்னாலேயே வைத்தாள். ஒரு தடவைகூடப் பஞ்சில் கை வைக்கவில்லை. என்னிடம் அதிகம் பேசவும் இல்லை. தன் கண்டுபிடிப்புக் கதையை அதற்குப் பிறகு அவள் யாரிடமும் சொல்லிக் கேட்டதில்லை.

இரண்டு மாதம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டபோது நானும் வருகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டாள். தங்கையை உட்காரவைத்து, வலது கண்ணை மறைத்து, படிக்கச் சொன்னார்கள். முதல் வரியைச் சொன்னாள். இரண்டாவதைச் சொன்னாள். மூன்றாவதில் திணறி, தலையைச் சாய்த்து, அதையும் சொல்லிவிட்டாள். டாக்டரம்மாளுக்கு முகமெல்லாம் சந்தோஷம். கண் எழுந்துவிட்டது, இதே மாதிரி விடாமல் கட்டுங்கள் என்று புதுச் சீட்டு எழுத ஆரம்பித்தார். எனக்கு மூச்சு அப்போதுதான் வந்தது.

அம்மா மேஜைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள்.

“இவளுக்கும் ஒரு சீட்டு எழுதிக் குடுங்க. இந்த வாட்டி நீங்க சொல்லுத கண்ணத்தான் கட்டுவேன். இவ வேலைக்குப் போவாண்டாம். ஒரு வருசமோ ரெண்டு வருசமோ, நான் கையப் பிடிச்சிக் கூட்டிட்டுப் போறேன், சோறு ஊட்டி விடுதேன், விழாமப் பாத்துக்கிடுதேன். எழுதிக் குடுங்க.”

அத்தனையும் தமிழில். டாக்டரம்மாள் என்னைப் பார்த்து, அம்மா என்ன சொல்கிறார் என்று கேட்டார்.  ஒரு வார்த்தை விடாமல் இந்தியில் சொன்னேன். என்னைப் பற்றி நானே, மூன்றாம் மனுஷியைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னேன்.

டாக்டரம்மாள் என்னை உட்காரச் சொன்னார். விளக்கடித்து என் இடது கண்ணை வெகுநேரம் பார்த்தார். பிறகு விளக்கை அணைத்துவிட்டு இந்தியில் மெதுவாகச் சொன்னார். “இனிமேல் எதுவும் செய்ய முடியாதம்மா. ஆறு வயதில் கட்டியிருந்தால் இதுவும் அந்தக் குழந்தையின் கண்ணைப் போலவே தேறியிருக்கும்.”

நான் அம்மா பக்கம் திரும்பினேன். “எனக்குக் கட்ட வேண்டாமாம்மா. ஒரு கண்ணே நல்லாப் பாக்குதாம், அதே போதுமாம்” என்றேன்.

“எனக்கும் இந்தி தெரியும்ட்டி” என்றாள் அம்மா.